பழகிய மலையும் புதிய படமும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

'ஏரி', 'காடு' என்ற இரு சொற்கள் சேர்ந்து ஏற்காடு என்றாயிற்று. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த சேர்வராயன் மலைமீது, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இங்கு வரவேண்டும். இதனை 'ஏழைகளின் ஊட்டி' என்று அழைப்பர்.

தோழியரே! இந்த நான்கு வாக்கியங்களை ஆறாம் வகுப்பு முதல் நாம் எத்தனை கட்டுரைகளில் எழுதியிருப்போம்! இவற்றில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் வகுப்பிலுள்ள அனைவருடைய கட்டுரைகளையும் கலந்து வைத்தால், எது யாருடையது என்று கையெழுத்தைக் கொண்டுதான் கண்டுபிடிக்க முடியும். புகைப்படத்திற்கோ கையெழுத்தும் கிடையாது. அதனால் எனக்கு நேர்ந்த தலைக்குனிவைச் சொல்லியே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் சிறியதொரு படக்காட்சி வைத்தோம். ஆளுக்கொரு படம் வீதம் முப்பத்தொரு படங்கள். பெயர் எழுதாமல் எண் மட்டும் இட்டு, கயிறு கட்டி வரிசையாக மாட்டினோம். அவற்றுள் பதினெட்டுப் படங்களில் ஏரியும் படகும். ஏழு படங்களில் லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் பள்ளத்தாக்கு. ஐந்து படங்களில் பூக்கள். ஒன்று மட்டும் என்னவென்றே எங்களுக்கு முதலில் புரியாத படம்; அதைப் பிறகு சொல்கிறேன். சிஸ்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள் என்னிடம், "இதில் உன்னுடையது எது?" என்று கேட்டார்கள். நான் ஏரிப் படங்களின் முன் போய் நின்றேன். எல்லாவற்றிலும் அதே நீலம், அதே படகு, அதே மரங்கள். சற்றுத் தயங்கிவிட்டு ஐந்தாம் எண்ணைக் காட்டினேன். அது என் பின்வரிசைத் தோழியுடையது. என்னுடையது பதினாறாம் எண்!

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் வீட்டிற்கு நடந்து போகும்போது அழுகை வந்துவிட்டது. பிறந்தது முதல் பார்க்கும் ஏரி, என் கையால் எடுத்த படம். அது எனக்கே அடையாளம் தெரியவில்லை என்றால் நான் அந்த ஏரியைப் பார்த்ததே இல்லை என்றுதானே பொருள்?

என் தாத்தா ஏரிக்கரையில் படம் எடுத்துப் பிழைத்தவர். சுற்றுலா வருபவர்களை ஏரியின் முன் நிறுத்திப் படம் எடுப்பார். அன்றிரவே பிலிமைக் கழுவிப் பிரதி போட்டு, மறுநாள் காலையில் அவர்கள் தங்கியிருக்கும் விடுதியில் கொண்டுபோய்க் கொடுப்பார். ஊருக்குப் போய்விட்டவர்களுக்குத் தபாலில் அனுப்புவார். எல்லார் கையிலும் செல்போன் வந்தபின் அத்தொழில் நின்றுவிட்டது. இப்போது முழங்கால் வலியால் அவர் வெளியே அதிகம் போவதில்லை. நடந்ததை அவரிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ பரண்மேல் இருந்த பழைய யாஷிகா காமிராவை இறக்கச் சொன்னார்.

"பிலிம் இல்லியே தாத்தா?"

"எடுக்கறதுக்கு இல்ல கண்ணு, பாக்கறதுக்கு."

அந்தக் காமிராவுக்கு முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்சுகள். கீழ் லென்சு படம் எடுக்க. மேல் லென்சு பார்க்க. மேலே உள்ள மூடியைத் திறந்தால் மங்கலான ஒரு சதுரக் கண்ணாடி இருக்கும். காமிராவை வயிற்றருகே பிடித்துக்கொண்டு குனிந்து அக்கண்ணாடியில்தான் காட்சியைப் பார்க்கவேண்டும். உள்ளே சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருப்பதால் காட்சி நேராகத் தெரிந்தாலும் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறித் தெரியும். இதை எங்கள் இயற்பியல் பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் படித்தது வேறு, மறுநாள் மாலை ஏரிக்கரையில் நின்று குனிந்தபோது கண்டது வேறு. எனக்குத் தெரிந்த ஏரி அங்கே இல்லை! படகுத்துறை எதிர்ப்பக்கம் போயிருந்தது. காமிராவை வலப்புறம் திருப்பினால் காட்சி நான் நினைத்ததற்கு மாறாக ஓடியது. மனம் தடுமாறியது; தடுமாறியதால் கண் வேலை செய்யத் தொடங்கியது. நீரில் தெரியும் மரத்தின் பிம்பம் கரையில் நிற்கும் மரத்தைவிடக் கறுப்பாக இருப்பதை அன்றுதான் பார்த்தேன். நீர் வற்றியதால் கரையைச் சுற்றிலும் ஒரு சேற்றுக்கோடு ஓடுவதையும், எதிர்க்கரையில் சில மரங்கள் காற்றுக்குப் பணிந்து ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதையும் அன்றுதான் பார்த்தேன்.

காரணம் இதுதான். பழகிய பொருளைக் கண் முழுவதும் பார்ப்பதில்லை. ஓரத்தைப் பார்த்த உடனேயே மனம், "இது ஏரி, தெரியும்" என்று பெயர் சொல்லி அனுப்பிவிடுகிறது. நம் கட்டுரையில் உள்ள எழுத்துப்பிழை நமக்குத் தெரியாமல் ஆசிரியைக்கு உடனே தெரிவதும் இதனால்தான். ஓவிய மேதை லியனார்டோ டா வின்சி, ஓவியர் தம் ஓவியத்தை அவ்வப்போது கண்ணாடியில் பார்க்க வேண்டும், அப்போது அது வேறொருவர் வரைந்ததுபோல் தோன்றிக் குறைகள் புலப்படும் என்று எழுதி வைத்திருக்கிறார். நம்மிடம் யாஷிகா இல்லாவிட்டால் என்ன? செல்போனில் எடுத்த படத்தை இடவலமாகத் திருப்பும் வசதி இருக்கிறது. ஒரு முறை திருப்பிப் பாருங்கள். தலைகீழாகவும் வைத்துப் பாருங்கள். படத்தின் ஒரு மூலை வெறுமையாக இருப்பதும், அடிவானம் சாய்ந்திருப்பதும் சட்டெனத் தெரிந்துவிடும்.

கண்ணாடி என்றதும் ஒரு வேடிக்கையான செய்தி நினைவுக்கு வருகிறது. கல்லறைத் தோட்டத்தைப் பற்றிய 'எலிஜி' என்ற புகழ்பெற்ற இரங்கற்பாவை எழுதிய ஆங்கிலக் கவிஞர் தாமஸ் கிரே, 1769-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திற்குச் சுற்றுலா சென்றார். அக்காலத்தில் காமிரா கிடையாது. இயற்கைக் காட்சியை விரும்புவோர் கருநிறம் பூசிய, சற்றுக் குவிந்த சிறு கண்ணாடி ஒன்றைக் கையில் கொண்டுபோவது வழக்கமாம். கிளாட் லொரேன் என்ற ஓவியரின் ஓவியங்களைப்போல் காட்சியைக் காட்டும் என்பதால் அதற்குக் கிளாட் கண்ணாடி என்று பெயர். மலைக்கும் ஏரிக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கண்ணாடியில் அவற்றின் பிம்பத்தை ரசிக்க வேண்டும். கிரே அப்படி ரசித்துக்கொண்டு போனபோது சேற்றுப் பாதையில் மல்லாந்து விழுந்து கைமுட்டியைப் பெயர்த்துக்கொண்டாராம். கண்ணாடி மட்டும் உடையவில்லை! நம் ஏரிக்கு முதுகு காட்டிச் செல்போனை நீட்டி நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கிரேயின் நினைவுதான் வரும். அவர்களும் படிக்கட்டில் பார்த்து நிற்க வேண்டும்.

அந்த ஏரி மாவட்டத்திற்கு 1778-இல் தாமஸ் வெஸ்ட் என்பவர் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். இன்ன இடத்தில் நின்று இன்ன திசையைப் பார்க்கவேண்டும் என்று அதில் குறித்திருந்தார். மக்களும் அங்கங்கே போய் நின்று பார்த்துத் திரும்பினார்கள். நம் ஊரிலும் லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று யாரோ நமக்காக நிற்கும் இடங்களைக் குறித்து வைத்துவிட்டார்கள். நான் அவற்றைக் குறை சொல்லவில்லை. லேடீஸ் சீட்டில் மாலையில் நின்று சேலத்து விளக்குகள் ஒவ்வொன்றாகப் பூப்பதைப் பார்த்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். வானம் தெளிந்திருந்தால் மேட்டூர் அணையின் நீர்கூடத் தெரியும். ஆனால் தாத்தா சொன்ன பிறகுதான் ஒன்று எனக்கு உறைத்தது. அங்கு நின்று எடுத்த படத்தில் இருப்பது என்ன? சேலம்! சமவெளி! ஏற்காடு அந்தப் படத்தில் இல்லை. ஏற்காடு நம் காலடியிலும் முதுகுக்குப் பின்னாலும் இருக்கிறது. மலைமீது நிற்பவருக்கு மலை தெரியாது. வகுப்பில் மாட்டிய ஏழு படங்களும் 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் சேலத்தின் படங்கள்.

"திரும்பி நில்லு கண்ணு" என்பதுதான் தாத்தா சொன்ன பாடம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேடீஸ் சீட்டிற்குப் போய், பள்ளத்தாக்கிற்கு முதுகைக் காட்டி நின்றேன். தம்பி எனக்குப் பைத்தியம் என்றான். என் முன்னால் என்ன இருந்தது? காட்சியைப் பார்க்க வந்தவர்களின் முகங்கள் இருந்தன. முதன்முதலில் பள்ளத்தைக் காணும் ஒரு பாட்டி தன் மருமகளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். அவர்களுக்கு மேலே பாறை. பாறையைப் பிளந்துகொண்டு இறங்கிய வேர். அந்த வேரின் பிடியில்தான் அந்தச் சரிவு நிற்கிறது. அந்தப் பாட்டியின் முகத்தில் பள்ளத்தாக்கின் ஆழம் எழுதியிருந்தது. ஏழு படங்களிலும் தெரியாத ஆழம் அது. (அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் படம் எடுத்தேன். கேட்காமல் எடுப்பது சரியல்ல என்று தாத்தா சொல்லியிருக்கிறார். அவருக்கு அது தொழில் தர்மம்.)

இனி, நம்மில் பலருக்கு உள்ள ஒரு சந்தேகம். "நேரில் மலை எவ்வளவு பெரிதாக இருந்தது! படத்தில் ஏன் எறும்புப் புற்றுபோல் இருக்கிறது?" இதில் நம் தவறு பாதி, லென்சின் இயல்பு பாதி. செல்போனின் முதன்மை லென்சு அகன்ற கோணத்தைப் பார்ப்பது. பரந்த இடத்தை ஒரு சிறு சட்டத்துக்குள் அடைப்பதால் அருகில் உள்ளது பெரிதாகவும் தொலைவில் உள்ளது மிகச் சிறிதாகவும் விழும். நம் மனமோ மலையை மட்டும் கவனித்து மற்றதைத் தள்ளிவிடுவதால் மலை பெரிதாகத் தோன்றியது. ஆகவே மலை பெரிதாக வேண்டுமானால், தொலைவை அருகே இழுக்கும் லென்சைப் பயன்படுத்தி வானத்தையும் சாலையையும் வெட்டிவிட வேண்டும். அல்லது, அளவு தெரிந்த ஒரு பொருளை அதே சரிவில் வைத்துக் காட்டவேண்டும். சேர்வராயன் கோயில் இருக்கும் 1,623 மீட்டர் உயர உச்சியைத் தனியாக எடுத்தால் ஒரு புல்மேடு. மே மாதத் திருவிழாவின்போது மலையாளி இன மக்கள் அதன்மேல் சாரிசாரியாக ஏறும்போது எடுத்தால், மனிதர் எள்ளளவாகி, மேடு மலையாகிவிடும்.

அடுத்தது ஒளி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல ஆசை. ஏனெனில் இதற்கு நம் நிலநூல் பாடமே போதும். ஏற்காடு ஏறத்தாழ பதினொன்றே முக்கால் பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஆகவே ஆண்டில் இரு நாட்களில், ஏப்ரல் 21-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 22-ஐ ஒட்டியும், நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்த நேரத்தில் நட்ட குச்சிக்கு நிழல் இல்லை. நிழல் இல்லாவிட்டால் மேடுபள்ளம் தெரியாது, மலை தட்டையாகிவிடும். சுற்றுலாக் கூட்டம் வருவதோ ஏப்ரல், மே மாதங்களில். படம் எடுப்பதோ காலைச் சிற்றுண்டிக்கும் பகலுணவுக்கும் இடையில்! எல்லார் படமும் ஒன்றுபோல் இருப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இந்த இரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் சற்று வடக்கே நிற்கும். ஜூன் மாத வெயிலில் பன்னிரண்டு மணியளவில் நம் நிழல் தெற்கே விழும். நம்பாதவர்கள் விளையாட்டு மைதானத்தில் குச்சி நட்டுப் பாருங்கள், மேகம் விட்டால். டிசம்பரிலோ நண்பகல் சூரியன் தெற்கே சுமார் 55 பாகை உயரத்தில்தான் இருக்கும். எங்கள் வீட்டிற்குப் பின்னால் வடக்கு நோக்கிய ஒரு காப்பித் தோட்டச் சரிவு உண்டு. ஜூனில் அதன்மேல் ஒளி நேராக விழுவதால் அது பச்சைப் போர்வைபோல் ஒரே சீராகத் தெரியும். டிசம்பரில் ஒளி அதைத் தடவிக்கொண்டு சாய்வாகப் போகும். அப்போதுதான் கல்வரப்புகளும், மழைநீர் ஓடிய தடங்களும், பாதைகளும் எழுந்து வந்து நிற்கும். சரிவு அதேதான், நிற்கும் இடமும் அதேதான், மாதம் மட்டும் வேறு.

மூடுபனியைப் பற்றியும் சொல்லவேண்டும். நாம் அதை வெள்ளையாகப் பார்க்கிறோம். படத்திலோ அழுக்கு வேட்டிபோல் சாம்பல் நிறமாக வருகிறது. காமிராவில் உள்ள ஒளி அளவிடும் கருவிக்குப் பனி தெரியாது, பால் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு ஒளியைக் குறைத்துவிடும். ஆகவே பனியை எடுக்கும்போது செல்போன் திரையைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியைச் சிறிது மேலே நகர்த்த வேண்டும். பனி வெண்மையாகிவிடும். 1858-இல் பழைய சேலம் மாவட்டத்து இராயக்கோட்டை முதலிய இடங்களின் புகைப்படத் தொகுதியை வெளியிட்ட லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரிக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. (இராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது.) மெழுகு பூசிய காகிதமே அவருக்குப் பிலிம். அதில் வானம் வெறும் வெள்ளையாக வந்துவிடும் என்பதால், தம் நெகடிவ்களில் மேகங்களைக் கையாலேயே தீட்டியிருக்கிறார். நமக்கு மேகம் வீட்டிற்குள்ளேயே வந்து போகிறது; தீட்ட வேண்டியதில்லை.

இப்போது, புரியாத படம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். அது இருபத்து மூன்றாம் எண். நீண்ட ஒரு கொடி, அதில் வரிசையாகத் தொங்கும் வெள்ளைக் காலுறைகள், முடிவில் ஒன்றுமே இல்லாத வெண்மை. எடுத்தவள் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் என் தோழி. அவள் இங்கு வந்த முதல் நாள் மூடுபனியைப் பார்த்து, "எங்கேயோ வைக்கோல் எரியுது" என்று சொன்னவள். அவள் ஊரில் துவைத்த துணி அரைமணியில் காய்ந்துவிடுமாம். இங்கு ஐப்பசியில் மூன்று நாள் ஆனாலும் காயாத காலுறைகள்தான் அவளுக்கு ஏற்காடு. நாங்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தோம். ஆனால் அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் உடனே தெரிந்தது. அதுமுதல் நான் ஓர் இடத்தைப் படம் எடுக்கும் முன் அவளிடம், "இங்கே உனக்கு என்ன விசித்திரமாகத் தெரிகிறது?" என்று கேட்டுவிடுகிறேன். அவள் சொல்வது பெரும்பாலும் நான் கவனிக்காத ஒன்றாகவே இருக்கிறது. கூரைமேல் வளர்ந்த பாசியை அவள்தான் காட்டினாள்.

அதற்காக உள்ளூர்க்காரிக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள்! 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தக் காப்பி எப்போது பூக்கும் என்பது தோட்டத்தருகே வாழ்பவர்களுக்கே தெரியும். கோடையின் முதல் நல்ல மழை பெய்து ஏறக்குறைய எட்டு, பத்து நாட்களில், ஒரே காலையில் செடிகள் எல்லாம் மல்லிகைபோல் வெள்ளையாகிவிடும். இரண்டு மூன்று நாட்களில் பூக்கள் வாடிப் பழுப்பாகிவிடும். மழை பெய்த நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பவள்தான் அந்தப் படத்தை எடுக்க முடியும். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும் அப்படியே. அவற்றின் இலை மேலே பச்சை, அடியில் வெள்ளி. பலத்த காற்றடிக்கும்போது இலைகள் மடங்கி, ஒரு நொடி மலைச்சரிவு முழுவதும் வெளுத்து மறுபடி பச்சையாகும். இதற்குப் பன்னிரண்டு முறை முயன்றேன். ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. சேர்வராயன் மலையில் அலுமினியத்தின் மூலப்பொருளாகிய பாக்சைட் வெட்டியெடுக்கப்பட்ட இடங்களும் உண்டு. அந்தச் செம்மண் காயங்களை யாரும் வாழ்த்து அட்டையில் போடுவதில்லை. அவையும் நம் மலைதான்.

எங்கும் பச்சையாக இருக்கும் ஊரில் நிறமே ஒரு திரை. செடிக்குப் பின் செடி, மரத்திற்குப் பின் மரம் எல்லாம் ஒரே பச்சையாகக் கலந்துவிடும். செல்போனில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். வடிவங்கள் தனித்தனியே பிரியும். அ. மாதவையாவின் மகனும் காட்டுயிர்களைப் பற்றி எழுதியவருமான மா. கிருஷ்ணன் (1912–1996) தம் படங்களைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார்.

ஒரே இடத்திற்குத் திரும்பத் திரும்பப் போனவர்களில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் எனக்குப் பிடித்தவர். 1916-இல், நம்மைவிட ஒரு வயது குறைவாக, பதினான்காம் வயதில் யோசெமிட்டி பள்ளத்தாக்கிற்குப் பெற்றோருடன் போனார். கையில் ஒரு சாதாரண பெட்டிக் காமிரா. அதன்பின் அங்கே போவதை அவர் விடவே இல்லை. 1927 ஏப்ரலில் 'ஹாஃப் டோம்' என்ற பெரும்பாறையின் முன் நின்றபோது அவரிடம் இரண்டே கண்ணாடித் தகடுகள் மீதி. முதல் தகட்டை வழக்கமான மஞ்சள் வடிகண்ணாடி இட்டு எடுத்தார். எடுத்த பிறகு, பாறையைப் பார்த்தபோது தம் மனத்தில் பட்டது அதில் வராது என்று தோன்றியது. கடைசித் தகட்டிற்குச் சிவப்பு வடிகண்ணாடி இட்டார். வானத்தின் நீலம் வடிந்து, பாறைக்குப் பின்னால் ஏறக்குறைய கறுப்பாயிற்று. அந்தப் படம்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த செக் நாட்டுக் கலைஞர் யோசப் சூடெக்கோ இன்னும் ஒரு படி மேல். 1940 முதல் 1954 வரை, பிராக் நகரில் தம் பட்டறையின் ஒரு சன்னலையே படம் எடுத்துக்கொண்டிருந்தார். பனித்துளி படிந்த சன்னல், உறைந்த சன்னல், வெளியே கோணலாக நிற்கும் ஒரு மரம். பதினான்கு ஆண்டுகள்!

எனக்குப் பதினான்கு ஆண்டுகள் ஏது? அரசுப் பொதுத்தேர்வு வருகிறது. ஆகவே தாத்தாவின் காமிராவில் ஒரு பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படம் என்பதையே விதியாகக் கொண்டேன். ஒரு மாதம், ஒரு சன்னல், பன்னிரண்டு படம். அழித்துவிட்டு மறுபடி எடுக்கக்கூடாது. என் சன்னலுக்கு எதிரே மிளகுக்கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் நிற்கிறது. முதல் மூன்று படங்களும் ஒன்றுபோலவே வந்தன. நான்காவதை எடுக்க ஐந்து நாள் காத்திருந்தேன். பக்கத்து வீட்டு வெந்நீர் அடுப்பின் புகை, காற்றில்லாத காலையில், மரத்தின் இடுப்பில் ஒட்டியாணம்போல் நின்றது. ஏழாவது இரவில்: யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிள் வெளிச்சம் திரும்பும்போது மரம் மட்டும் தோன்றி மறைந்தது, படம் கலங்கிவிட்டது, ஆனாலும் வைத்திருக்கிறேன். பத்தாவதில் ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று ஓர் அண்ணன் மிளகு பறிக்கிறார். அவர் தலைக்குமேல் இன்னும் மூன்று ஏணி உயரத்திற்கு மரம் போகிறது. பதினைந்து ஆண்டுகளாக அந்த மரத்தின் உயரம் எனக்குத் தெரியாமலேயே இருந்திருக்கிறது. மீதி ஒன்பதும் வீண். தாத்தா பார்த்துவிட்டு, "பன்னெண்டுக்கு மூணு தேறுச்சா? எனக்கு அவ்ளோ தேறுனதில்ல" என்றார்.

அன்று மாலை அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உரியவர்கள் வாங்காமல் போன படங்கள், முகவரி தவறித் தபாலில் திரும்பி வந்த படங்கள். புதுமணத் தம்பதிகள், மொட்டையடித்த குழந்தைகள், ஸ்வெட்டருக்கு மேல் துண்டு போர்த்திய பெரியவர்கள். எல்லாருக்கும் பின்னால் ஏரி. மனிதர்களை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். மரம் வளர்கிறது, ஒரு படத்தில் இருந்த கிளை அடுத்ததில் இல்லை, படகின் வடிவம் மாறுகிறது, எதிர்க்கரையில் ஒரு கட்டடம் முளைக்கிறது. பனிமலைகளில் பனியாறுகள் சுருங்குவதை அறிவியலாளர்கள் இப்படித்தான், முன்பு ஒருவர் நின்ற அதே இடத்தில் நின்று மறுபடி படம் எடுத்துக் காட்டுகிறார்கள். நானும் அப்படி எடுக்கப் போகிறேன் என்று தாத்தாவிடம் சொன்னேன்.

"ஏரிய எடு, நல்லதுதான்" என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஜனங்களுக்குப் பின்னால ஏரி. எனக்குப் பின்னால என்ன இருந்துச்சுன்னு நான் ஒரு தரமும் எடுக்கல கண்ணு" என்றார்.

அவருக்குப் பின்னால், சாலையின் மறுபக்கம், ஒரு கருங்கல் கட்டைச்சுவர் இருந்தது. பகல் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு வரும் என் பாட்டி, கூட்டம் குறையும்வரை அந்தச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருப்பாராம். நான் பிறப்பதற்கு முன்பே பாட்டி இறந்துவிட்டார். ஆயிரக்கணக்கானவர்களைப் படம் எடுத்த தாத்தாவிடம் பாட்டியின் படம் ஒன்று உண்டு. அது குடும்ப அட்டைக்காக வேறொருவர் எடுத்தது.

சனிக்கிழமை காலை பழைய படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மரத்தையும் கரையையும் பொருத்திப் பார்த்து, தாத்தா நின்ற இடத்தைக் கண்டுபிடித்தேன். அங்கே நின்று ஏரியை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினேன். சோளக்கதிர் சுடும் வண்டி ஒன்று. அதன் புகைக்குப் பின்னால் சுவர். பாசி பிடித்து, ஓரிடம் மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருந்தது. யாரும் அங்கு உட்கார்ந்திருக்கவில்லை. ஒரே ஒரு படம் எடுத்தேன்.

தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். செல்போனைச் சற்றுத் தள்ளியும் கிட்டேயும் வைத்துப் பார்த்தார். "அந்த ஓரத்துக் கல்லு விழுந்துடுச்சு போல" என்றார். பிறகு பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார்.